படகு டப்பாவில் இருந்த மாத்திரை

ப்ராஸ்டேட் பயாப்ஸிக்கு எந்த வழி நல்லது என்று உங்கள் வாட்ஸ்அப் குழுவில் நடக்கும் சண்டையைச் சில நாட்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஓய்வு பெற்றவனைக் குழுவில் சேர்த்துவிட்டு, அவன் அங்கே இருப்பதையே மறந்துவிட்டீர்கள். ஒருவர் மலக்குடல் வழிதான் என்கிறார். இன்னொருவர், இந்தக் காலத்தில் அந்த வழியில் ஊசி போடுகிறவர் டாக்டரே இல்லை என்கிறார். மூன்றாமவர் இரண்டு பேருக்கும் கைதட்டும் பொம்மை போடுகிறார். மூவரும் என்னிடம் வேலை பழகியவர்கள். அதனால் யாரை முதலில் திட்டுவது என்று தெரியாமல் இதை எழுதுகிறேன்.

நம் சிறுநீரியல் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நர்ஸுகளுக்கும் டெக்னீஷியன்களுக்கும் சண்டை எதைப் பற்றி என்று யாரும் சொல்லியிருக்க மாட்டீர்கள். நானே சொல்லிவிடுகிறேன். ப்ராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே, மலக்குடலுக்கு முன்னால் இருக்கும் சின்னச் சுரப்பி. அதில் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க ஊசியால் சதைத் துணுக்குகளை எடுக்க வேண்டும், அதுதான் பயாப்ஸி. ஊசி போக இரண்டு வழி. ஒன்று, மலக்குடலின் சுவரைத் துளைத்துக்கொண்டு போவது. பக்கத்திலேயே இருப்பதால் சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் அது சுத்தமான இடம் இல்லை. அங்கிருக்கும் கிருமி ஊசியோடு சேர்ந்து ரத்தத்துக்குள் போகலாம். அதைத் தடுக்கத்தான் முதல் நாளே ஆன்டிபயாடிக் கொடுக்கிறோம். இன்னொரு வழி, விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் உள்ள தோல் வழியாகப் போவது. கிருமி பயம் மிகக் குறைவு, சுரப்பியின் முன்பக்கமும் நன்றாக எட்டும். ஆனால் நேரம் கூடுதலாகும், மரத்துப்போகப் போடும் ஊசி நன்றாகவே வலிக்கும், கை பழகவும் நாளாகும்.

கடலூரில் நான் மலக்குடல் வழிக்காரன். சிதம்பரத்தில் இருந்த என் கல்லூரித் தோழன் தோல் வழிக்காரன். பெயர் போட்டால் போன் செய்து திட்டுவான், அதனால் நண்பன் என்றே எழுதுகிறேன். வாரத்துக்கு ஒரு தடவையாவது இதைப் பற்றிச் சண்டை போடாவிட்டால் எங்கள் இருவருக்கும் சாப்பாடு இறங்காது.

"நீ ஒரு ஆளுக்கு எடுக்குற நேரத்துல நான் மூணு பேர முடிச்சிட்டு டீ குடிச்சிடுவேன்" என்பேன்.

"டீயக் குடிச்சிட்டு அப்படியே ஐசியூ பக்கம் ஒரு நடை போய்ட்டு வா மச்சான்" என்பான்.

அவன் குத்திக்காட்டியது புவனகிரிப் பக்கத்து விவசாயி ஒருவரை. என்னிடம் பயாப்ஸி எடுத்துக்கொண்டு சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனவர், மறுநாள் குளிர் நடுக்கத்தோடு தூக்கிக்கொண்டு வரப்பட்டார். ரத்தத்தில் கிருமி. செய்ய வேண்டியது எல்லாம் முறைப்படிதான் செய்திருந்தோம், ஆனாலும் வந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் அவர் மனைவி ஐசியூ வாசலில் உட்கார்ந்திருந்த கோலம் என் மனசை விட்டுப் போகவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு பயாப்ஸிக்கும் மறுநாள் காலையில் போன் அடித்தால், எடுப்பதற்கு முன் யார் நம்பர் என்று இரண்டு தடவை பார்ப்பேன்.

இப்போது தேசிங்கு விஷயத்துக்கு வருகிறேன். முதுநகர் துறைமுகத்துப் பக்கம் மீனவ கிராமம் ஒன்றில் விசைப்படகு வைத்திருந்தவர். அறுபதைத் தாண்டியும் படகை அவரே ஓட்டுவார். வேறு யாராவது ஓட்டினால் கடலுக்குப் பிடிக்காது என்று நினைப்பவர். ப்ராஸ்டேட்டில் கோளாறு இருந்தால் ரத்தத்தில் கூடும் பி.எஸ்.ஏ. அவருக்கு ஏறியிருந்தது. ஸ்கேனில் சுரப்பியின் முன்பக்கம் சந்தேகப்படும்படி ஒரு புள்ளி தெரிந்தது. பயாப்ஸி எடுத்துத்தான் ஆக வேண்டும்.

நம் கரையோரத்து ஆண்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, உங்களில் வெளியூர்க்காரர்கள் தெரிந்துகொள்ளுங்கள். மூத்திரம் சொட்டினாலும் சரி, முதுகு வலித்தாலும் சரி, மீன்பிடித் தடைக்காலம் வரட்டும் என்று எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொள்வார்கள். படகுகள் கரையில் நிற்கும் அந்த நாட்களில் நம் ஓ.பி.யில் நிற்க இடம் இருக்காது. தடைக்காலம் முடிந்த மறுநாள் பார்த்தால் ஒரு ஆளைக் காணமுடியாது. விட்டவரை மறுபடி பிடிக்க அடுத்த வருஷம்தான். தேசிங்கு வந்தது தடைக்காலத்தின் கடைசி நாட்களில். கூடவே மச்சான் கலியமூர்த்தி, அதாவது தேசிங்கின் மனைவி அஞ்சலைக்குத் தம்பி. தேசிங்குக்குப் பதிலாகப் பேசுவதும் கோபப்படுவதும் அவர் வேலை.

"சட்டுபுட்டுனு முடிச்சி விட்டுடுங்க சார். படகுக்குப் பெயின்ட் அடிச்சாச்சி, ஐஸு சொல்லியாச்சி. மாமா இல்லாம படகு கெளம்பாது" என்றார் கலியமூர்த்தி.

ஓ.பி.யில் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன். சர்க்கரை இல்லை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பதில்லை. வேறு ஏதாவது மாத்திரை, மருந்து?

"மாத்திரையா, அந்தப் பழக்கமே கெடையாது சார்" என்றார் தேசிங்கு பெருமையாக. மகிழ்ச்சியோடு ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்து, நாள் குறித்து அனுப்பினேன்.

அந்த நாள் காலையில் எனிமா கொடுத்து, டேபிளில் இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தார்கள். நான் கையுறை போட்டுக்கொண்டு வழக்கம்போல் பேச்சுக் கொடுத்தேன். இதை மட்டும் என்னிடமிருந்து கற்றுக்கொள்ளுங்கள். சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் மனுஷனுக்குப் பின்னால் நின்றுகொண்டு நாம் செய்யும் வேலை அவருக்குப் பெரிய அவமானமாக இருக்கும். அவருக்குத் தெரிந்த விஷயத்தைக் கேட்டால் உடம்பு தானாகத் தளரும்.

"இந்த வருஷம் என்ன மீன் ஜாஸ்தி?" என்று கேட்டேன்.

"மீன எங்க சார் பாத்தோம். கெளுத்திதான். போன தடவ அதோட முள்ளு உள்ளங்கையில ஏறிடுச்சி. கை பூரி மாதிரி வீங்கிப்போச்சி."

"அய்யய்யோ. என்ன பண்ணீங்க?"

"என்னா பண்றது, நடுக்கடலு. டப்பாவுல மாத்திர இருக்கும், ரெண்டு போட்டுகினேன். வலி கொறஞ்சிது, நிறுத்திட்டேன்."

"என்ன டப்பா?"

"படகுல இருக்கும் சார், மருந்து டப்பா. டீசல் கேன் பக்கத்துல. ஜொரம், வவுத்தால போறது, முள்ளு குத்தறது, எதுவா இருந்தாலும் அதுலேர்ந்து ரெண்டு. எங்க ஊர்ல எல்லாப் படகுலயும் அதே மாத்திரதான். நேத்து போட்டுக்கச் சொல்லி எழுதிக் குடுத்தீங்களே, அதே ஊதா அட்ட."

என் கை அப்படியே நின்றுவிட்டது. அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் விஷயம். அவருக்கு மாத்திரை என்றால் வீட்டில், சாப்பாட்டுக்குப் பிறகு, டாக்டர் சொல்லி எடுப்பது. படகு டப்பாவில் இருப்பது டீசல், ஐஸ், வலை மாதிரி படகுச் சாமான். அதை யார் மருந்துக் கணக்கில் சேர்ப்பார்கள்? வருஷக்கணக்காக ரெண்டு ரெண்டாகப் போட்டு நிறுத்தியதில், அவர் குடலில் இருக்கும் கிருமிகள் அந்த மாத்திரைக்குப் பழகிப்போயிருக்கலாம். நான் காவலுக்கு என்று கொடுத்தது காவலே இல்லாமல் போயிருக்கலாம்.

இப்போது நீங்கள் என் இடத்தில் நின்று பாருங்கள். ஆள் டேபிளில் தயார். சிஸ்டர் ஊசியைப் பிரித்து வைத்திருக்கிறார். வெளியே வரிசையில் இன்னும் பலர். அலமாரியில் வேறு ஆன்டிபயாடிக் ஊசி இருக்கிறது. அதைக் கூடுதலாகப் போட்டுவிட்டு வேலையை முடிக்கலாம், அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் எந்த மருந்துக்கு அந்தக் கிருமிகள் அடங்கும் என்று எனக்குத் தெரியாது. ஒன்று ஆகிவிட்டால் அது நடுக்கடலில் ஆகும், அங்கே அவருக்கு அந்த டப்பாதான் டாக்டர். மலக்குடலிலிருந்து மாதிரி எடுத்து கல்ச்சருக்கு அனுப்பினால் எந்த மருந்து கேட்கும் என்று தெரியும், ஆனால் முடிவு வருவதற்குள் படகு போய்விடும், கூடவே இவரும். போனால் அடுத்த தடைக்காலம். ஸ்கேனில் தெரிந்த அந்தப் புள்ளி அதுவரை சும்மா இருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்?

பாதியில் நிறுத்துவதில் ஒரு வெட்கம் இருக்கிறது, அதைப் பற்றி எந்தப் பாடப்புத்தகமும் பேசுவதில்லை. சிஸ்டர் பார்க்கிறார், டெக்னீஷியன் பார்க்கிறார், இவ்வளவு நேரம் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று எல்லோரும் கேட்பது போல இருக்கும். அந்த வெட்கத்துக்குப் பயந்துதான் நம்மில் பலர் தப்பான வேலையைச் சரியாகச் செய்து முடிக்கிறோம். அன்றைக்கு எனக்குப் புவனகிரிக்காரரின் மனைவி ஞாபகத்துக்கு வந்தார். கையுறையைக் கழற்றிப் போட்டேன்.

"எந்திரிச்சி உக்காருங்க தேசிங்கு. இன்னைக்கு இங்க வேணாம்."

விஷயம் வெளியே போனதுமே கலியமூர்த்தி உள்ளே வந்துவிட்டார். "என்னா சார் இது. பட்டினி போட்டு, வவுத்தக் கழுவி, படுக்க வச்சி, இப்ப எந்திரிச்சிப் போன்னா என்னா அர்த்தம்? மாமா, நீ வேட்டியக் கட்டு. கெளம்பு. திரும்பி வந்து பாத்துக்கலாம்."

தேசிங்கு வேட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் கட்டி முடிப்பதற்குள் நான் பேசியாக வேண்டும். ஒரு தாளை எடுத்துப் படம் வரைந்தேன். இது மூத்திரப்பை, இது ப்ராஸ்டேட், இது மலக்குடல், என் ஊசி இப்படிப் போகும், சிதம்பரத்தில் ஒருவர் இருக்கிறார், அவர் ஊசி இப்படிப் போகும், குடலைத் தொடாது, உங்கள் புள்ளி இருக்கும் முன்பக்கத்துக்கும் அதுதான் வசதி. அவ்வளவு தெளிவாக நான் வகுப்பில்கூடச் சொன்னதில்லை.

கலியமூர்த்தி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நண்டு மாதிரி இருக்கு சார்" என்றார்.

அவரை விட்டுவிட்டு நண்பனுக்குப் போன் போட்டேன்.

"மச்சான், ஒருத்தர அனுப்பறேன். இன்னைக்கே எடுத்துக் குடுக்க முடியுமா?"

"யாரு பேசறது? கடலூர்லேர்ந்தா?" என்றான்.

"கிண்டல் அப்புறம் பண்ணிக்கடா" என்று விவரத்தைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவன் குரலில் கிண்டல் போய்விட்டது. அதுதான் அவன்.

"மத்தியானத்துக்கு மேல கூட்டிட்டு வா. ரெண்டு இட்லி சாப்புடச் சொல்லு, மயக்கமருந்து குடுக்கப் போறதில்ல, மரத்துப்போற ஊசிதான். ஆனா ஆளோட நீயும் வரணும். வந்து கம்முனு நின்னு பாக்கணும்."

வரச் சொன்னதுகூடப் பரவாயில்லை. கம்மென்று நிற்கச் சொன்னதுதான் எனக்குக் கஷ்டம்.

மீதிப் பேரை முடிக்கும்வரை தேசிங்கை என் அறையில் உட்கார வைத்தேன். ஒவ்வொருவரும் முடிந்ததும் எட்டிப் பார்ப்பேன், ஆள் இருக்கிறாரா, கிளம்பிவிட்டாரா என்று. இருந்தார். கலியமூர்த்திதான் வராந்தாவில் நடந்துகொண்டே யாருக்கோ போன் போட்டு, கேட்கும்படியாக என்னைத் திட்டிக்கொண்டிருந்தார். என் காரிலேயே இருவரையும் ஏற்றிக்கொண்டேன். வழியில் இட்லிக் கடையில் நிறுத்தியதும் கலியமூர்த்தியின் கோபம் பாதியாகக் குறைந்தது, வடை வந்ததும் மீதியும் போய்விட்டது. வெள்ளாற்றுப் பாலம் தாண்டும்போது எனக்கே கெளுத்திக் குழம்பு வைப்பது எப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நண்பனின் டேபிளைப் பார்த்ததும் தேசிங்கின் முகம் மாறியது. அங்கே மல்லாந்து படுத்து, இரண்டு கால்களையும் தூக்கித் தாங்கிகளில் வைக்க வேண்டும்.

"என்னா சார் இது, பிரசவத்துக்குப் படுக்க வெக்கிற மாதிரி" என்றார்.

நான் நண்பன் காதருகே போய், "என் டேபிள்ல ஆளு சுவத்தப் பாத்துப் படுத்துக்கலாம். மானமாவது மிச்சம்" என்றேன்.

"கம்முனு நிக்கறதாப் பேச்சு" என்றான், திரும்பிப் பார்க்காமலேயே.

தேசிங்கின் தலைமாட்டில் நின்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். முதல் மரப்பு ஊசி போனபோது, வலை இழுத்துப் பழகிய அந்தக் கை என் விரல்களை நொறுக்கிவிட்டது. நான்தான் கத்தியிருப்பேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவ்வளவு வலியில்லை என்றார். நண்பன் அவசரமே படவில்லை. படத்தைப் பார்த்துப் பார்த்து, முன்பக்கத்துப் புள்ளியில் ஊசியைக் கொண்டுபோய் நிறுத்தினான். என் வழியிலும் அங்கே போகலாம், ஆனால் மல்லுக்கட்டித்தான் போக வேண்டும். அவன் நேராகப் போனான். அதைப் பார்த்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது என்று இப்போது சொல்வதில் தப்பில்லை. கிளம்புமுன் கல்ச்சருக்கும் ஒரு மாதிரி எடுத்து வைக்கச் சொன்னேன்.

அவன் வழியில் சிக்கலே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். முடிந்த பிறகு தேசிங்குக்கு மூத்திரம் வரவில்லை. பயாப்ஸிக்குப் பிறகு சுரப்பி வீங்கி அப்படி அடைத்துக்கொள்வது உண்டு. தண்ணீர் குடிக்க வைத்தோம், நடக்க வைத்தோம். நண்பன் கடிகாரத்தைப் பார்ப்பதும் டியூப் போடலாமா என்று யோசிப்பதுமாக இருந்தான். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்கூட எட்டிப் பார்த்தது, ஆனால் தேசிங்கின் முகத்தைப் பார்த்ததும் அது ஓடிவிட்டது. கலியமூர்த்தி பாத்ரூமுக்குள் போய் இருக்கிற குழாயையெல்லாம் திறந்துவிட்டார்.

"மாமா, தண்ணி சத்தத்தக் கேளு. வேற எதையும் நெனைக்காத. நான் வெளிய நிக்கறேன்."

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து, "மச்சான், கொழாய நிறுத்து, தண்ணி வீணாவுது" என்று தேசிங்கின் குரல் கேட்டது. வேலை முடிந்துவிட்டது. கதவுக்கு வெளியே இரண்டு டாக்டர்கள் பரீட்சையில் பாஸான பையன்கள் போல ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

காய்ச்சல் வரவில்லை. மறுநாள் காலையில் நானே போன் போட்டுக் கேட்டேன். கல்ச்சர் முடிவு வந்தபோது, நான் கொடுத்த அந்த ஊதா அட்டை மாத்திரைக்கு அவர் குடலில் இருந்த கிருமிகள் கொஞ்சமும் அசையவில்லை என்று தெரிந்தது. அலமாரியில் இருந்ததாகச் சொன்னேனே, அந்த ஊசிக்கும் அசையவில்லை.

பயாப்ஸி முடிவு வரும்வரை கரையில் இருக்கச் சொல்லியிருந்தேன், அதனால் தடைக்காலம் முடிந்து, வருஷத்தின் முதல் கடலுக்குப் படகு தேசிங்கின் மகனோடு கிளம்பியது. தேசிங்கு கரையில் நின்று எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தாராம். பயாப்ஸி முடிவில் முன்பக்கத்துத் துணுக்குகளில் புற்றுநோய் இருந்தது. சுரப்பியை விட்டு வெளியே போகவில்லை. அதைச் சொன்னபோது தேசிங்கு தலையை மட்டும் ஆட்டினார். அழுதது கலியமூர்த்திதான். "எந்திரிச்சிப் போலாம்னு சொன்னனே மாமா, நான் சொன்னனே" என்று விசும்பினார். தேசிங்கு அவர் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது.

அதற்குப் பிறகு நான் நோயாளிகளிடம் மாத்திரை எடுக்கிறீர்களா என்று கேட்பதை நிறுத்திவிட்டேன். கடலில் உடம்பு முடியாமல் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்பேன். பண்ருட்டிப் பக்கத்திலிருந்து பலாப்பழ லாரி ஓட்டுகிறவர் வந்தால், ராத்திரி வண்டியில் காய்ச்சல் அடித்தால் என்ன போட்டுக்கொள்வீர்கள் என்று கேட்பேன். பதில் கொட்டும். தோல் வழியையும் நண்பனிடமே போய்ப் பழகிக்கொண்டேன். அவன் வைத்த கண்டிஷன்களை எழுதினால் என் மானம் போய்விடும். ஓய்வு பெறும்வரை இரண்டு வழியிலும் செய்தேன், எதிரில் இருக்கும் ஆளைப் பொறுத்து. சீக்கிரம் முடிய வேண்டியவர், கால் தூக்க முடியாத இடுப்பு வலிக்காரர், இவர்களுக்கெல்லாம் பழைய வழியே போதும் என்று நினைத்த நாட்களும் உண்டு. எது எப்போதும் நல்லது என்று என்னைக் கேட்டால், ஆளைக் காட்டு என்றுதான் சொல்வேன்.

தேசிங்கு பரிசோதனைக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார். ஒரு தடவை பி.எஸ்.ஏ. இல்லவே இல்லை என்று சொல்லும் அளவுக்கு இறங்கியிருந்தது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. என் விளக்கத்தைப் பற்றி அவர் வாயால் நாலு நல்ல வார்த்தை கேட்க ஆசைப்பட்டு, "அன்னைக்கு வேட்டியக் கட்டிட்டீங்க, மச்சான் வேற கெளம்புன்னு கத்தறாரு. படகும் போகப் போவுது. அப்புறம் எப்படி என்னோட கார்ல ஏறுனீங்க? ரெண்டு வழிக்கும் உள்ள வித்தியாசம் வெளங்கிடுச்சா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணும் வெளங்கல சார்" என்றார் தேசிங்கு. "நீங்க நிறுத்தினதும் திரும்பி ஒங்க மூஞ்சியப் பாத்தேன். பயந்து போயிருந்தீங்க. கடலுல எத்தினியோ பேரு மூஞ்சியப் பாத்திருக்கேன், தனக்காவப் பயப்படறது வேற. நீங்க எனக்காவப் பயந்தீங்க. அப்பிடிப்பட்ட ஆளு கூப்புட்டா எங்க வேணாலும் போலாம்னு ஏறிட்டேன்."